ஓய்வு வாரங்களின் காவல்

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். நீயும் பேத்தியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஓட்டப் பந்தயங்கள் முடிந்து இந்தப் பயிற்சி முகாமில் இப்போது மூன்று வாரக் கட்டாய ஓய்வு. போன வருடம் ஓய்வெடுக்காமல் ஓடித்தான் உன் வீட்டுக்காரனுக்குக் கால் எலும்பில் விரிசல் கண்டது. அதனால் முகாமின் சமையலறைப் பொறுப்போடு அவனுக்குக் காவலும் நானே. போன வாரம் விடியற்காலையில் ஷூவோடு நழுவப் பார்த்தான்.

"ஒரே ஒரு ரவுண்டும்மா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா! கழட்டு."

ஷூவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஊர்க்கதை பேசுகிறான். இன்று பயிற்சியாளர் அந்த எலும்பை அழுத்திப் பார்த்தார், வலியே இல்லை. திங்கட்கிழமை முதல் ஓடலாமாம். எனக்குப் பெரிய நிம்மதி. வெங்காயம் உரிக்கத்தான் இனி ஆள் இல்லை.

பேத்தியை எனக்கு ஒரு பக்கம் எழுதச் சொல். எழுத்து கோணினாலும் இந்தத் தடவை திருத்த மாட்டேன்.

உலை கொதிக்கிறது.

அத்தை