பக்கத்துக் கட்டத்தில் செவ்வாய்

ஜூன் 9, திங்கள்

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் அவசரம். திருமணத் தகவல் மையத்தில் இன்று நிற்க இடமில்லை. சௌந்திரம் அக்கா வந்தவர்களிடம் பேசுவார். நான் ஜாதகக் கட்டத்தைக் கணினியில் போட்டு, வேர்ட் கோப்பில் ஒட்டி, மற்ற விவரங்களை அடித்து அனுப்புவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை பிடித்திருக்கிறது.

கடைசியாக அக்கா ஒரு பிறந்த நேரத்தை வாசித்தார். அடித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். என்னுடையது.

"உங்கப்பா நேத்தே சொல்லீட்டுப் போயிட்டாரு. நீயே அடிச்சுக்க சாமி, உன்னாட்டம் யாரு அடிப்பா?" என்று சிரித்தார்.

படிப்பு: ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த வருஷம் நின்றது.

ஜூன் 12, வியாழன்

மாப்பிள்ளைக்கு ஓமலூரில் டைல்ஸ் கடையாம். அங்குள்ள தரகருக்கு என் ஜாதகம் போய்விட்டது. அம்மா அதற்குள் பீரோவைத் திறந்து சேலைகளை மடிக்கிறாள். எனக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தாலும், ஏன் என்று கேட்பார்களே? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கிறேன் என்பதெல்லாம் ஒரு காரணமா?

ஜூன் 16, திங்கள்

வேண்டாம் என்றுவிட்டார்கள்! எனக்கு ஏழாம் இடத்தில் செவ்வாயாம், தோஷமாம். அம்மா அழுதாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் — எனக்கு ஆறில்தானே செவ்வாய்? நான்தானே போட்டேன்?

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது. ஓமலூர்த் தரகர் தன் திரையைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியிருந்தார். அதில் கோடுகள் சரி. எழுத்துதான் வேறு, தடித்து, அகன்று. ஆறாம் கட்டத்தில் புத, சுக், செவ் மூன்றும் ஒரே வரியில் இருந்தவை. இடம் போதாமல் கடைசி 'செவ்' கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பித் திறந்து பார்த்தேன். அங்கேயும் அப்படியே. நான் ஒட்டும் கட்டம் போட்டோ மாதிரி இல்லை. திறக்கும் இடத்தில் கோடும் எழுத்தும் புதிதாக வரையப்படுகின்றன. நம் எழுத்துரு அங்கே இல்லையென்றால் கையில் கிடைத்ததை மாட்டிக்கொள்கிறது. எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்பினேன். கடைக் கணினியில் 'செவ்' தன் கட்டத்திலேயே நின்றது, போனில் மறுபடி ஓடியது. கட்டம் முழுவதையும் வெறும் படமாக ஒட்டிய பிறகுதான் எங்கும் அசையவில்லை.

"பழசெல்லாம் இப்பிடியே மாத்தி மறுக்கா அனுப்பீரு" என்றார் அக்கா. அனுப்பினேன்.

என்னுடையதை மட்டும் மாற்றவில்லை. அக்கா எதையும் திறந்து பார்க்கவில்லை.

ஜூன் 21, சனி

செவ்வாய்தோறும் விரதம் இருக்க வேண்டுமாம். எதிர்வீட்டு அமுதவல்லி அத்தை என் காதுபடவே சொன்னது: "செவ்வாய்ப் புள்ளைக்குச் செவ்வாய் மாப்பளதான் பாக்கோணும். வயசு முன்னபின்ன இருந்தா என்னாங்கறேன்?"

ஜூன் 23, திங்கள்

தம்மம்பட்டி. செவ்வாய் தோஷம். முப்பத்தாறு வயது. எதிர்வீட்டு அத்தை கொண்டுவந்த மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அம்மா போட்டோவை நீட்டினாள். நான் சட்டைப் பொத்தான்களை மட்டும் பார்த்தேன்.

கட்டம் தப்பென்று சொன்னால் ஓமலூர். சொல்லாவிட்டால் தம்மம்பட்டி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. நான் எங்கே போறது?

ஜூன் 25, புதன்

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

ஜூன் 26, வியாழன்

அப்பா லாரியை விட்டு இறங்கி வந்ததும் மையத்துக்குக் கூப்பிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் கணினியில் உள்ள கட்டத்தையும் ஓமலூர்த் தரகர் அனுப்பிய படத்தையும் அடுத்தடுத்துத் திறந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப உனக்குத் தோஷமே இல்லியா சாமி?"

"இல்லீங்கப்பா."

"இத ஏன் அன்னிக்கே சொல்லுல?"

அழுகைதான் வந்தது. "ஓமலூரு வேண்டாமுங்கப்பா. இதும் வேண்டாமுங்கப்பா." இவ்வளவுதான் சொன்னேன். அப்பா வண்டியை எடுக்க வெளியே போனார்.

ஜூன் 28, சனி

நான் சொன்னது அவர் காதிலேயே ஏறவில்லை போல. காலையில் ஓமலூர்த் தரகருக்குப் போன் போட்டார். கட்டம் தப்பாகத் தெரிந்திருக்கிறது, சரியானது அனுப்பட்டுங்களா என்று பணிவாகக் கேட்டார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரில் தரகர் சிரித்தார். "ஏனுங்க, புள்ளயே அங்க கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்குதாமா. செவ்வாய நவுத்தி வெக்க எத்தன நேரமாவுமுங்க? மாப்ள ஊட்டுல நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

அப்பா எழுந்து நின்றார். "எம்புள்ள அடுத்தவங்க பென்சிலக்கூடக் கேக்காம எடுத்ததில்லீங்க. சொன்னதே போதும், வெச்சுருங்க."

பிறகு தம்மம்பட்டிக்குப் போட்டார். "நாளைக்கு வர வேண்டாமுங்க. எங்க புள்ளைக்குத் தோஷமில்லீங்க, சேராதுங்க."

"இப்ப ரெண்டும் போச்சு. சந்தோஷந்தான?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

ஜூலை 2, புதன்

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் வைக்கிறாள்.

ஜூலை 7, திங்கள்

மதியம் கூட்டம் குறைந்தபோது சௌந்திரம் அக்கா கேட்டார். "உன்ற கட்டம் இப்ப சரியாயிருச்சல்ல, வேற எடத்துக்கு அனுப்பட்டுமா? உங்கப்பாகிட்டக் கேட்டேன். புள்ளயவே கேட்டுக்குங்கன்னுட்டாரு."

அப்பா அப்படிச் சொன்னாரா? எனக்குச் சொல்லவே இல்லையே.

"இப்ப வேண்டாங்கக்கா."

"அப்பறம் எப்ப?"

"நான் சொல்றேனுங்க."

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறொரு பெண்ணின் பிறந்த நேரத்தை வாசிக்கத் தொடங்கினார்.