பதினொரு நோன்பு

மேலப்பாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் மனைவி தஸ்லிமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாம் வெயிலில் உங்கள் உடம்பை அல்லாஹ் நலமாக வைத்திருக்கட்டும்.

இருபது நாளாக நான் வீடியோவில் வராததற்கு நெட்வொர்க் காரணமில்லை. என் தலையில் முடி இல்லை. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் நாளை அங்கே திரும்பும் மீரா முகைதீன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

எனக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். வயிற்றுக்குள் பரவிவிட்டதாம். இப்போது ஆபரேஷன் செய்தால் முழுதாக எடுக்க முடியாது, முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்ப்போம் என்றார் பாளையங்கோட்டை டாக்டரம்மா. மூன்று வாரத்துக்கு ஒன்றாக இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதும் முடிந்தபின் ஸ்கேன். சுருங்கியிருந்தால் ஆபரேஷன். சுருங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

விரல் நுனி மரத்துப்போகிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது உங்கள் அக்கா ஷரீபா பீவி லாத்தாதான். மருந்து இறங்கும் ஐந்து மணி நேரமும் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஊர்க்கதை பேசுவார். முடி கொத்தாகக் கையோடு வந்த அன்று நான் அழுதேன். "ஏளா, முக்காட்டுக்குள்ள இருக்கது யாருக்குத் தெரியப் போவுது? பேன் பாக்குற வேல மிச்சம்" என்று அதட்டினார். பிறகு அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். நாற்பத்தாறில் மாதவிடாய் நின்றபோது, இனி ரமலான் முப்பதையும் விடாமல் பிடிக்கலாம் என்று சந்தோஷப்பட்டவள் நான். போன ரமலானில் திரும்ப இரத்தம் பட்டது. நின்றதுதான் மறுபடி வருகிறது என்று நினைத்து, அந்த நாட்களில் கூடாதே என்று நோன்பை விட்டேன், தொழுகையை விட்டேன். விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடிக்க வேண்டுமே என்று காலண்டரில் குறித்தேன். பதினொரு நாள். அடுத்த மாதங்களிலும் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள், மச்சான். டாக்டரிடம் போகத் தோன்றவில்லை. அல்லாஹ்வுக்குப் பாக்கி வைத்துவிட்டேனே என்றுதான் தோன்றியது.

அந்தப் பதினொன்றும் இன்னும் என் மேல் இருக்கிறது. மருந்து ஏறும் காலத்தில் நோன்பு கூடாது என்கிறார் டாக்டரம்மா. தேறினால் நானே பிடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். இல்லையென்றால் எனக்காக நீங்கள் பிடிப்பீர்களா? பிள்ளை இல்லாத நான் வேறு யாரைக் கேட்பேன்?

இதற்கு ஃபோனில் பதில் சொல்ல வேண்டாம். வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கித் தரட்டும்.

உங்கள்
தஸ்லிமா