சிறுத்தையின் வால்

எல்மினா

அன்புள்ள எஃபுவாவுக்கு, க்வாமினா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?

என்னைக் கொடி தைக்க அழைத்த இந்தத் தெருவின் அசாஃபோ படையினர், ஒருவன் சிறுத்தையின் வாலைப் பிடித்து இழுப்பதுபோல் படம் கேட்டார்கள். சிறுத்தை, பக்கத்துத் தெருப் படையின் சின்னம். விஷயம் கசிந்து, நேற்று அவர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். ஒரு கல் என் நெற்றியில் பட்டது. சின்னக் கீறல்தான், பயப்படாதே.

அவர்களின் தலைவி அபா கொடியைப் பிடுங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் ஆட்களிடம் கத்தினாள்.

“அடப் பாவிகளா, நம்ம கொடியில இருக்கிறது பூனை மாதிரி இருக்கு. இவனுங்க கொடியிலதான் நம்ம சிறுத்தை உசிரோட நிக்குது!”

இரு தரப்பும் சிரித்துவிட்டன. அபா என் பக்கம் திரும்பினாள்.

“தையல்காரரே, எங்களுக்கும் ஒண்ணு தைங்க. அதுல சிறுத்தை இவனுங்கள கடல் வரைக்கும் துரத்தணும்!”

மறுக்க முடியவில்லை. அதனால் நம் ஊர்த் திருவிழாவுக்கு வர முடியாது. குழந்தையிடம் நீயே பக்குவமாகச் சொல். இங்கே சோள மாவுக் கென்கே உருண்டை புளிப்பதே இல்லை. உன் மிளகாய்த் தொக்கு கொஞ்சம் வேண்டும். சிறுத்தைக்கு மஞ்சள் துணியும் போதவில்லை. உன் பழைய மஞ்சள் ரவிக்கையை மீன் லாரியில் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

லாரி கிளம்புகிறது.

க்வாமினா