ஐஸ் அறையின் நேர்கோடு

அண்ணி,

இன்று ஆயுத பூஜை. தெரு முழுக்கச் சூட வாசனை. நம் ஐஸ் அறையில் மட்டும் இல்லை. நீங்கள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் நமக்குப் பண்டிகை கிடையாது. சுவரில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரின் மூடியில் நீங்கள் போன வருஷம் வைத்த குங்குமம் காய்ந்து கிடக்கிறது. துடைக்க மனசு வரவில்லை.

அண்ணனுக்கு முதுகு போன பிறகு, படகை விற்று, கோட்டுச்சேரிமேட்டில் நீங்கள் கட்டிய அறை இது. சென்னை வியாபாரி நம் இறாலைத் தொடர்ந்து எடுத்தால்தான் அறை நிற்கும், இல்லாவிட்டால் பூட்டு. அவரோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே குளிர் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றார். நான் காரைக்காலில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். முடியும் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

டிபன் பாக்ஸ் அளவுக் கம்ப்யூட்டர், ஐஸில் புதைக்க ஒரு சென்சார், இரண்டோடும் ஒரு பழைய செல்போன். வெப்பநிலை அதன் வழியாக இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகும். சென்னையில் ஒரு பக்கத்தைத் திறந்தால் கோடாகத் தெரியும். இதற்கெல்லாம் கிளவுட் என்று பேர் அடிபடத் தொடங்கிய காலம். மேகம் கறுத்தாலே நம் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள், வேறு பேரே கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். சிக்னல் பாதி நேரம் செத்துக் கிடக்கும். எனக்கு மூக்கு மேல் கோபம். போனைத் தூக்கிப் போடப் போனேன். நீங்கள் அதைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூங்கில் கழியில் கட்டிக் கூரைமேல் நிறுத்தினீர்கள்.

"போற வரைக்கும் விடக் கூடாதுடி."

வெப்பநிலை சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வியாபாரி நம்பவில்லை. கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கிறதாம். உட்கார்ந்து நாமே எண்களை டைப் அடித்து அனுப்புகிறோமாம். உருகும் ஐஸ் எப்போதும் பூஜ்யம் டிகிரியில்தான் நிற்கும், அதற்குள் இருக்கும் சென்சார் வேறெப்படிக் காட்டும்? நான் கத்தினேன். அவர், ஆயுத பூஜை முடியட்டும், சரக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை.

ஆயுத பூஜையன்று தராசு, கத்தி, ஐஸ் உடைக்கும் கட்டை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தீர்கள். நான் கவனிப்பதற்குள் சென்சாரையும் ஐஸிலிருந்து உருவி, முந்தானையால் துடைத்து, சந்தனம் பூசி, சூடத் தட்டைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தீர்கள். ஐயோ அண்ணி, கெட்டது போங்கள் என்று நான் ஓடி வருவதற்குள் உங்கள் போன் அடித்தது. சென்னைதான். கோடு செங்குத்தாக ஏறுகிறதே, அறை தீப்பிடித்துவிட்டதா என்று அலறினார்.

நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "தீயெல்லாம் இல்லீங்க. சாமி கும்புடுறோம். அதுவும் உழைக்குதுல்ல, அதான் சூடம் காட்டுனேன்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்கே கேட்டது. உட்கார்ந்து டைப் அடிக்கிறவள் பூஜை நேரம் பார்த்தா கோட்டை ஏற்றுவாள் என்றார். மறுவாரமே வண்டி அனுப்பினார். அதன்பின் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். ஏறியதும் கூப்பிட்டு, பூஜை ஆச்சா என்பார்.

நீங்கள் போனதும், அறையை விற்றுவிடு, உனக்கெதற்கு மீன் நாற்றம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முடியாது என்றேன். சென்டரை மூடிவிட்டு இங்கே வந்துவிட்டேன். வியாபாரியிடம் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் அவரே கூப்பிட்டார். "கோடு நேராவே இருக்கேம்மா. அண்ணி எங்க?"

சொன்னேன். அழுதேன். சரக்கு இனி வருமா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது எனக்குத் தெரிந்தது.

சூடம்தானே ஏற்றக் கூடாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சென்சாரை ஐஸிலிருந்து உருவினேன். உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டேன். விரல் மரத்துப்போனது, விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏறுதும்மா" என்றார்.

"நாளைக்கு வண்டி அனுப்புங்க" என்றேன்.