மூடி போட்டு எடுத்த நாற்பது படங்கள்

என் ராசா, என் கூடப் பிறந்த முருகேசா,

உன் படம் முடிந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன்னோடு வானம் பார்க்க வரும் பள்ளிக்கூடத்துச் சவரிமுத்து சார் போன சனிக்கிழமை கம்ப்யூட்டரில் காட்டினார். வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு புகை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே, அதுதான். பஞ்சைப் பிய்த்துச் சாயத்தில் முக்கினது போல, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கிறது.

இது போன வருடமே முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். உன்னிடம் ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது?

நீ படம் எடுக்கப் போன கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை தாலி கட்டும்போது கேமராவும் கையுமாகச் சரிந்தவன் எழவே இல்லை. அதற்கு நாலு நாள் முன்னால்தான் அதே கேமராவையும் டெலஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு சிறுமலைக்குப் போய் வந்திருந்தாய். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, உன் பையில் "சிறுமலை" என்று எழுதி வைத்திருந்த மெமரி கார்டைக் கேமராவில் போட்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். உன் முகம் எங்காவது இருக்காதா என்றுதான். ஊர்க் கல்யாணத்தை எல்லாம் எடுத்தவனுக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது.

முதலில் புள்ளி புள்ளியாக வானம், எல்லாம் ஒன்று போலவே இருந்தது. அப்புறம் வெறும் கறுப்பு. நாற்பது படம், பொட்டு வெளிச்சம் இல்லை. மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறாய் என்று நினைத்தேன். இருபது வருடமாகக் கேமரா பிடித்தவன் மூடியை மறப்பானா? அப்படியென்றால் அன்றைக்கே உனக்கு உடம்பு சரியில்லை, தலை கிறுகிறுத்திருக்கிறது, சாரும் கூட வராமல் தனியாக நின்றிருக்கிறாய்.

சிறுமலைக்கு என்னையும் நீ கூப்பிடத்தான் செய்தாய். "ஒரு தடவ வாக்கா, வந்து பாத்துட்டு அப்புறம் திட்டு" என்றாய். "நைட் ஷிப்டு கிடக்கு, போடா. நட்சத்திரமா நமக்குக் கஞ்சி ஊத்தப் போகுது?" என்று சொல்லிவிட்டு நூல் மில்லுக்குப் போய்விட்டேன்.

நாளைக்கு யாராவது பார்த்தால், கடைசியாக மூடி போட்டு நாற்பது படம் எடுத்தான் என்று சிரிப்பார்கள். அந்தப் பேச்சு உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தானை அமுக்கி, நாற்பதையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

ஒரு மாதம் கழித்து சார் வந்தார். கார்டை வாங்கி அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார், நீ கணக்கு எழுதி வைத்த நோட்டையும் புரட்டினார்.

"அக்கா, கறுப்பா நாப்பது படம் இருந்திருக்கணுமே?"

"மூடி கழட்டாம எடுத்துட்டான் சார். நான் அழிச்சுட்டேன்."

அவர் கார்டில் இருந்ததை மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார். கொடுத்த காபி ஆறிப்போனது. அப்புறம்தான் மெதுவாக, "அது வேணும்னே மூடி போட்டு எடுக்கிறதுதான்க்கா" என்றார்.

இருட்டில் அரை நிமிடம் திறந்தே வைத்தால் கேமரா தானாகவே சிவப்பும் நீலமுமாகப் பொய்ப் புள்ளி போடுமாம். அதே குளிரில், அதே அரை நிமிடம், மூடி போட்டு எடுத்தால் அந்தப் பொய் மட்டும் தனியாக விழுமாம். வானத்துப் படத்திலிருந்து அதைக் கழித்தால்தான் நட்சத்திரம் சுத்தமாகத் தெரியுமாம்.

அப்படியானால் உனக்குத் தலை சுற்றவில்லை. நீ தெளிவாகத்தான் இருந்திருக்கிறாய். அதை நினைத்து அழுதேன். அழித்துவிட்டேனே என்றும் அழுதேன். எந்த அழுகை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

"பரவால்லக்கா, கேமராவப் பிரிட்ஜுல வச்சுக்கூட எடுத்துரலாம்" என்றார் சார்.

"மாவும் மீனும் இருக்கிற பிரிட்ஜுக்குள்ள எந் தம்பி கேமராவா? ஆகாது சார். அழிச்சவ நானு. அந்தக் குளிர் வரட்டும், நானே எடுத்துத் தாரேன்."

மார்கழி வரைக்கும் காத்திருந்தேன். நீ எடுத்த அன்றைக்குக் குளிர் பதினாலு டிகிரி என்று உன் நோட்டில் எழுதியிருந்தது. எதை எப்படி அமுக்குவது என்று சார் நாலு தடவை சொல்லிக்கொடுத்தார். மில்லில் லீவு சொல்லிவிட்டு, சாயங்கால பஸ் ஏறி, சிறுமலையில் நீ வழக்கமாகத் தங்குகிற வாழைத்தோட்டத்துக்கே போனேன். உன்னைப் பற்றிச் சொன்னதும் தோட்டத்துக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

இரவில் நான் மூடியைப் போட்டுக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏத்தா, மூடியப் போட்டுக்கிட்டு எதப் படம் புடிக்கிற?"

"இருட்டத்தான் ஆத்தா."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் மலையேறி வந்த? உங்க ஊருல கரண்டு போகாதா?"

நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன், முருகேசா. நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

சார் கொடுத்துவிட்ட குளிர்மானி பதினாலில் நின்றது. பொத்தானை அமுக்கிவிட்டு அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மேலே பார்க்காமல் என்ன செய்வது? பார்த்தேன். அந்த மூன்று நட்சத்திரமும் வாழை இலைக்கு மேலே வந்து நின்றன. நாற்பது படத்துக்கும் இருபது நிமிடம்தான் ஆனது. நீ கூப்பிட்டபோது வந்திருந்தாலும் இருபது நிமிடம்தானே ஆகியிருக்கும்? அதைக்கூட உனக்குக் கொடுக்காமல் அப்படி என்ன நூற்றுக் கிழித்தேன்?

நான் எடுத்ததை உன் படத்தோடு சேர்த்துச் சார் பத்து நாள் உட்கார்ந்து வேலை பார்த்தார். போன சனிக்கிழமை, "முடிஞ்சிருச்சுக்கா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சந்தோஷம் வரவில்லை. ஒரு வருடமாக உனக்கு ஒரு வேலை பாதியில் கிடந்தது. பாதியில் வேலை கிடக்கிறவன் எப்படியும் திரும்பி வருவான் என்று எனக்குள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை. இதை யாரிடம் சொல்ல?

உன் நோட்டில் எனக்கு விளங்காத கோடும் எண்ணும் நிறையக் கிடக்கிறது. அட்டைப்பெட்டியில் பேர் எழுதாத கார்டு மூன்று இருக்கிறது. விளங்கவில்லை என்பதற்காக இனி உன்னுடையது எதிலும் கை வைக்கமாட்டேன், அப்பு. தெரிந்தவர்களிடம் கேட்பேன். சொல்ல ஆள் இல்லாவிட்டால், விளங்காததாகவே பத்திரமாக வைத்திருப்பேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா பாண்டியம்மா