யார் கையில் இருந்தது?

நம் வீட்டு வாலுப்பயலே, சங்கரா,

உன் சார் வந்துவிட்டுப் போனார். ஹெலிகாப்டரில் உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தவர். தரையிறங்கும்போது நடந்த அந்த விபத்தில் உயிரோடு மிஞ்சியவர் அவர் மட்டும்தான். காலில் கம்பி வைத்திருக்கிறார்களாம். ஆனாலும் ஆட்டோ வேண்டாம் என்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெருவரை நடந்தே வந்திருக்கிறார். வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கோபம் உனக்குத் தெரியாததா?

நீ போனதிலிருந்து ஊர்வாய் சும்மா இருக்கவில்லை. "பய எறக்கத் தெரியாம எறக்கிட்டானாம்லா" என்று கடைவீதியில் என் காதுபடவே பேசினார்கள். துஷ்டி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிலும் ஒருவர் அதைச் சொன்னார். அவரை நான் எழுந்து போகச் சொல்லிவிட்டேன். அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தெருவே திரண்டு போனபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். வானத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். என்னிடம் மட்டும் அடிக்கடி ஒன்று கேட்பாள். "ஏட்டி, கடைசியில அது யாரு கையில இருந்துச்சு?"

அப்படிக் கேட்க அவளைப் பழக்கியவன் நீதானே. முதல் லீவில் வந்து நீ அடித்த கூத்து நினைவிருக்கிறதா? பறக்கும்போது ஒருவர் ஓட்டுவதை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வாங்கியவர் 'என்னிடம் இருக்கிறது' என்று பதில் சொன்ன பிறகுதான் கொடுத்தவர் கையை எடுக்க வேண்டும் என்றாய். அதை வீட்டிலும் சட்டமாக்கினாய். குழம்புச்சட்டியை நீட்டினாலும், என் மகளைத் தூக்கிக் கொடுத்தாலும் "ஒங்கிட்ட இருக்கா?", "எங்கிட்ட இருக்கு" என்று ஒரே ரகளை. "இது என்னலே கோட்டிக்காரத்தனம்" என்று திட்டிய அம்மாவே, நீ லீவு முடிந்து கிளம்பிய பிறகு பால்காரரிடம் அப்படிக் கேட்டு அவரை முழிக்க வைத்தாள்.

சாரை அம்மா உட்காரச் சொன்னாள். நான் கேட்க வைத்திருந்ததைக் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "தம்பி, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குதேன். தரைக்கு வரும்போது அது யாரு கையில இருந்துச்சு?"

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் அவர். தலையைத் தூக்கவில்லை. "என்ற கையிலங்கம்மா. எஞ்சின் நின்னுபோனா எப்படி எறக்கறதுன்னு பழகிட்டிருந்தோம். கீழ வர வர வேகம் அடங்கலைங்க. குடுன்னு கேட்டேன். சங்கர் உடனே வாய்விட்டுச் சொல்லிட்டுக் குடுத்தான், நானும் சொல்லித்தான் வாங்கினேன். அவன் மேல ஒரு தப்பும் இல்லைங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் வேகத்த அடக்க உசரம் பத்தல. விசாரணையிலயும் இதையேதான் சொல்லியிருக்கறனுங்க."

அம்மா அழுதாள். உன்னைக் கொண்டுவந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நான் கத்த வாயெடுத்தேன். கம்பி வைத்த அவர் காலைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போட்டு வந்து நீட்டினாள். அவர் பிடித்ததும் டம்ளர் ஆடியது. அம்மா விடவில்லை. "ஒங்ககிட்ட இருக்கா தம்பி?" என்றாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். அம்மா பிடித்தபடியே நின்றாள். காப்பி அவள் விரலில் சிந்தியது, அப்போதும் விடவில்லை. "எங்கிட்ட இருக்குங்கம்மா" என்றார் அவர். அதன் பிறகுதான் அம்மா கையை எடுத்தாள்.

மறுநாள் அவள் கடைவீதிக்குப் போனாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "எம்புள்ள முறையாத்தான் குடுத்திருக்கான்" என்று நின்று நின்று சொன்னாள். வரும் வழியில் கோயிலுக்குள் போய்ப் பிரசாதப் புற்றுமண் வாங்கிவந்து உன் படத்தின் நெற்றியில் வைத்தாள்.

எனக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசியாக உன்னை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேனே, அன்றைக்கு வண்டி நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "ஏக்கா, அம்மா ஒங்கிட்ட!" என்று கத்தினாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. பதில் வராமல் நீ கையை எடுக்க மாட்டாய். இத்தனை நாளும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பாய், இல்லையா?

அவளை நான் பார்த்துக்கொள்வேன். வைதாலும், சாப்பிட மாட்டேன் என்று முரண்டு பிடித்தாலும் பார்த்துக்கொள்வேன். ஏலே, கேட்டுக்கோ. அம்மா எங்கிட்ட இருக்கா.

நீ கைய எடுத்துக்கோ.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி அக்கா