பேசுகிற டாக்டரம்மா

அன்பு மகன் ஜான்சனுக்கு அம்மா மங்கம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் கத்தார் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் பெண்சாதி ஷீபா காதில் விழும், அதனால்தான் லீவு முடிந்து உன் ரூமுக்கே திரும்புகிற ஆல்வினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொன்னபடி ஷீபாவைக் காஞ்சிபுரத்துக்கு அந்தப் பேசுகிற டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, வெறும் பேச்சு. பிள்ளை செத்துப் பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பவளைப் பேசியா சரிபண்ணுவார்கள்? டாக்டரம்மா பெயர் பாஞ்சாலி என்றதும் கோயில் கயிறு ஏதாவது கட்டிவிடுவாளோ என்று வேறு பயம். ஷீபாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள், மாமியாரைப் பற்றித்தான் கேட்பாள் என்று கதவோரமாக நின்றேன், ஒன்றும் காதில் விழவில்லை. அப்புறம் என்னையும் கூப்பிட்டு, "யம்மா, இந்த மாதிரி சத்தம் கேக்குறத உங்க ஊர்ல இன்னான்னு சொல்வாங்க" என்றாள். நம் பேச்சிலேயே பேசிக் கேலி பண்ணுகிறாளோ என்று சுருக்கென்றது. "இன்னாத்துக்குக் கேக்குற, பைத்தியம்னு எழுதறதுக்கா" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. சொந்த ஊர் இந்தப் பக்கம் மாகறல்தானாம், அம்மா நம்மைப் போல நடவுக்குப் போனவளாம். பெங்களூரில் படித்து லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம், அங்கே நம் சனங்கள் துக்கத்தைச் சொன்னால் அவர்கள் வழக்கத்தைக் கேட்காமலே வியாதிப் பெயர் வைத்ததைப் பார்த்தாளாம், அதனால் இவள் முதலில் வழக்கத்தைத்தான் கேட்பாளாம். லண்டனை விட்டு ஒருத்தி சும்மா திரும்புவாளா, தெரிந்தவர்களிடம் விசாரி. "உங்க சபை வயக்கம் எனக்குத் தெரியாதும்மா, இப்டிப் போன கொயந்தைக்கு இன்னா செய்வீங்க" என்றாள். ஒன்றும் கிடையாது, ஆம்பளைகள் கொண்டுபோய்ப் புதைப்பார்கள், பெயரும் வைப்பதில்லை என்றேன். "மொகத்த யார் பாத்தது" என்றாள். ஷீபா மயக்கத்தில் கிடந்தாள், நான்தானே முகத்தைப் பார்த்துத் துணியில் சுற்றினேன். என்னைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறாள் என்று எழுந்துவிட்டேன். "எங்கிட்ட சொல்ல வேணாம்மா, தோணும்போது ஷீபாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷீபா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன தோன்றியதோ, "நம்ம ஜான்சன் மூக்குதான், காது உன்னுது, தல நெறைய முடி" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்க அழுதாள், ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. பயந்துபோய் அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சத்தம் இன்னும் கேட்கிறதாம், ஆனால் இப்போது அடிக்கடி என்னிடம் வந்து பிள்ளை முகத்தைச் சொல்லச் சொல்கிறாள்.

வேண்டுமானால் சபையில் கேட்டு ஒரு ஜெபம் வையுங்கள், பெயரும் வையுங்கள் என்று டாக்டரம்மா ஷீபாவிடம் சொல்லியிருக்கிறாள். இதில் அவளுக்கு என்ன லாபமோ, எனக்குப் புரியவில்லை. போதகர் வீட்டுக்கே வந்து ஜெபிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். பெயரை அப்பன்தான் சொல்லவேண்டும் என்கிறாள் ஷீபா. நீ பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், உனக்குத் துக்கமே இல்லையாம். நீ குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை ஆல்வின் என்னிடம் சொன்னான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீ சொல்லவேண்டியது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெயிலில் தலைக்குத் துணி கட்டு. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, அவளுக்குப் போடு. பெண் பிள்ளை, அதற்கேற்ற பெயராகச் சொல்.

உன் அம்மா
மங்கம்மா அருள்தாஸ்